நெஞ்சைத் திறந்தால் மூச்சு நிற்காதா?

கமுந்திங்கிலோ தைப்பிங்கிலோ ஒரு வீட்டில், அப்பாவுக்கு நுரையீரல் அறுவை என்று நாள் குறித்துவிட்டால் பிள்ளைகளைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றுண்டு: "நெஞ்சைத் திறந்தால் மூச்சு என்னாகும்?"

நியாயமான அச்சம்தான். ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கும் அது இருந்தது. தைப்பிங் மருத்துவமனைக்கு 1897-லேயே எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது. நெஞ்சுக்குள் இருப்பதைப் பார்க்க முடிந்தது. திறந்து தொடத்தான் துணிவில்லை. நுரையீரலைச் சுற்றியுள்ள அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. நெஞ்சைத் திறந்ததும் காற்று உள்ளே பாய, நுரையீரல் பலூனைப் போலச் சுருங்கிவிடும்.

1904-இல் ஜெர்மானிய மருத்துவர் சாவர்புரூக், அழுத்தம் குறைந்த ஓர் அறைக்குள் நோயாளியின் உடலை வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு அறுவை செய்யும் வழியைக் காட்டினார். பின்னர் எளிய வழி பிறந்தது: மூச்சுக்குழாயில் ஒரு குழாயைச் செலுத்தி, காற்றை உள்ளே தள்ளுவது.

இன்று மயக்க மருந்து கொடுத்ததும் நோயாளிக்காக இயந்திரம் மூச்சு விடுகிறது. ஆனால் அசைந்துகொண்டே இருக்கும் நுரையீரலில் கத்தி வைப்பது எப்படி? இதற்குத்தான் இரட்டைக் குழாய். சுவீடனின் கார்லன்ஸ் 1949-இல் அறிமுகப்படுத்திய வழி இது. ஒரு பாதை வலப்பக்கத்துக்கு, மற்றது இடப்பக்கத்துக்கு. அறுவை நடக்கும் பக்கத்தை அடைத்து ஓய்வு கொடுக்கலாம். மற்ற நுரையீரல் தனியாக உழைக்கும்.

இதில் ஆபத்து இல்லையா? உண்டு. ஓய்வெடுக்கும் நுரையீரல் வழியாகப் போகும் ரத்தம் ஆக்சிஜன் பெறாமல் திரும்பும். உடலே இதற்கு ஓரளவு வழி செய்கிறது: அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தத்தை மறுபக்கம் திருப்புகின்றன. இருந்தும் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் குறைவதைக் காட்டினால், மயக்க மருந்து நிபுணர் மெல்லிய கேமராக் குழாயை விட்டு, இரட்டைக் குழாய் இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். தேவையானால் கத்தியை நிறுத்தச் சொல்லி, இரண்டு நுரையீரலுக்கும் காற்று கொடுப்பார். நோயாளியின் தலைமாட்டை விட்டு அவர் நகர்வதில்லை.

குடும்பம் செய்ய வேண்டியதும் உண்டு. நாள் குறித்த அன்றே சிகரெட்டை நிறுத்த வேண்டும். பழைய காசநோய், ஆஸ்துமா, ஆடும் பல், சாப்பிடும் மருந்து எதையும் மறைக்கக் கூடாது. எத்தனை மணிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது என்று சொன்னார்களோ, அதில் ஒரு வாய் காப்பிக்குக்கூடச் சலுகை இல்லை. அறுவைக்குப் பின் வலியைச் சொல்லி மருந்து கேட்க வேண்டும். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தங்கிவிடும்.

இயந்திரம் கொடுத்த மூச்சு சில மணி நேரத்துக்குத்தான். அதற்குப் பிறகு அவரே விட வேண்டிய மூச்சுக்கு, வீட்டிலிருந்தே தயாராக வேண்டும்.