மணலிலிருந்து கண்ணாடிக்கு

கையெழுத்துக்கு இக்காலத்தில் ஒரு புதிய களம் ஏற்பட்டிருக்கிறது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பல வீடுகளில் டேப்லெட் என்னும் கண்ணாடிப் பலகையின்மீது குழந்தைகள் பாடக் குறிப்பு எழுதுகிறார்கள். எழுதும் பேனாவில் மை இல்லை. ஆயினும் எழுத்துத் தோன்றுகிறது. இதற்கு டிஜிட்டல் மை என்று பெயர். கண்ணுக்கு மையாகவே தோன்றும் இது கைக்கு எப்படி இருக்கிறது? குழந்தையின் கையில் இதை எந்தப் பருவத்தில் கொடுப்பது? இவ்விரண்டு கேள்விகளையும் நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

மையில்லாத எழுத்து நமக்குப் புதியதன்று. விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் ‘அ’ எழுதுவிக்கிறோம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அரிசியின் இடத்தில் மணல் இருந்தது. இந்த மணல் கடல் கடந்து சென்ற வரலாறு நம் சென்னைக்கே உரியது. 1789-ல் எழும்பூரில் ராணுவ அநாதைப் பள்ளியின் தலைமையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், இந்நாட்டுச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் கைக்கொண்டார். 1797-ல் அதைப் பற்றி லண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார். அதன்பின் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிக்கூடங்களிலும் மணல் தட்டு இடம் பெற்றது. ‘மதராஸ் முறை’ என்றே அந்தப் போதனா முறைக்குப் பெயர் வழங்கலாயிற்று.

மணலில் அப்படி என்ன விசேஷம்? அது விரலைத் தடுக்கிறது. எவ்வளவு தூரம் இழுத்தோம், எங்கே வளைத்தோம் என்பதைக் கண் பார்க்குமுன் விரலே அறிந்துகொள்கிறது.

ஓலையும் இப்படித்தான். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பெயரால் 1943-ல் அடையாற்றில் தொடங்கப்பெற்று, இன்று பெசன்ட் நகரில் இருக்கும் நூல் நிலையத்தில் பழஞ்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றை எழுதியவர்கள் இடக்கையில் ஓலையை ஏந்தி, கட்டைவிரலை எழுத்தாணிக்கு அணையாக வைத்துக் கீறினார்கள். கரியையும் தழைச் சாற்றையும் பின்னால் தடவியபோதுதான் எழுத்துக் கண்ணுக்குத் துலங்கிற்று. அதுவரையில் கையே கண்ணின் வேலையையும் செய்தது. புள்ளி குத்தினால் ஓலை துளைபடுமென்று அஞ்சி, மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிடுவதும் வழக்கமாயிருந்தது. எழுதும் பரப்பு எழுத்தையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனிக் கண்ணாடிக்கு வருவோம். இங்கே பேனாவின் முனை மையைக் கசியவிடுவதில்லை. தான் எவ்விடத்தில் இருக்கிறது, எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்பவற்றை மட்டும் பலகைக்குத் தெரிவிக்கிறது. பலகை அதைக் கணக்கிட்டுக் கோடு வரைகிறது. கணக்கிடச் சிறிது நேரம் ஆகும் அல்லவா? அந்தச் சிறிது நேரமே முதற் குறை. வேகமாக எழுதும் கை ஒரு விநாடியில் 10 சென்டிமீட்டர் நகர்வதாகக் கொள்வோம். கோடு 50 மில்லி விநாடி தாமதித்தால், அது பேனாவுக்கு 5 மில்லிமீட்டர் பின்தங்கிவிடும். எழுதுகிறவருக்குக் கோட்டை நூல் கட்டி இழுப்பதுபோல் இருக்கும். இக்குறை பெரும்பாலும் நீங்கி வருகிறது. 2015-ல் வெளிவந்த ஆப்பிள் பென்சிலில் 20 மில்லி விநாடியாக இருந்த தாமதத்தை 2019-ல் 9 ஆகக் குறைத்துவிட்டதாக அந்நிறுவனத்தார் அறிவித்தனர். கை அடுத்தபடி எங்கே செல்லும் என்று பலகையே ஊகித்து, கோட்டைச் சற்று முன்னதாக வரைந்துவிடுவதும் இதில் ஒரு தந்திரம்.

இரண்டாவது குறை வழுக்கல். இதை எந்தக் கணக்கும் நீக்கவில்லை. பிளாஸ்டிக் முனை கண்ணாடியில் தடையின்றி ஓடுகிறது. 2015-ல் டெனி அலமார்கோ, மரி பிரான்ஸ் மொரேன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இரண்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் காகிதத்திலும் டேப்லெட்டிலும் எழுதச் செய்து ஒப்பிட்டனர். கண்ணாடியில் எழுதியபோது எழுத்தின் தெளிவு குறைந்தது. பெரிய பிள்ளைகள் அழுத்தத்தையும் வேகத்தையும் கூட்டிச் சமாளித்தார்கள். சிறியவர்களோ எழுதும்போதே தயங்கித் தயங்கி நின்றார்கள்.

அதன் பொருள் தமிழ் ஆசிரியருக்கு எளிதில் விளங்கும். நம் எழுத்துக்கள் சுழியால் ஆனவை. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரு சுழியே வேற்றுமை. வழுக்கும் பரப்பில் சுழி அகன்று போகிறது, எழுத்துப் பெருக்கிறது, ‘ழ’வின் கால் எங்கேயோ போய் நிற்கிறது.

இப்படிச் சொல்வதால் டிஜிட்டல் மையை நாம் இகழ்வதாக எண்ணலாகாது. கல்லூரி மாணவர் ஒருவர் மூன்று வருஷத்துக் குறிப்புக்களை ஒரே பலகையில் சுமக்கலாம், அழித்து எழுதலாம், வேண்டிய சொல்லைத் தேடி எடுக்கலாம். தமிழ்க் கையெழுத்தை யந்திரம் படித்தறியும் முயற்சியும் வெகுவாக முன்னேறியிருக்கிறது. 2006-ல் இதற்கென்றே ஒரு சர்வதேசப் போட்டி நடைபெற்றது. பெங்களூரிலிருந்த எச்.பி. ஆராய்ச்சிக்கூடம் அதற்குக் கையெழுத்து மாதிரிகளைத் திரட்டித் தந்தது. கிரந்த எழுத்துக்கள் உட்படத் தமிழ் முழுவதையும் எழுத 156 வடிவங்கள் போதுமென்று அதில் வகுத்திருந்தார்கள். நம் தாய்மொழியைத் தட்டச்சுப் பயிலாதவரும் தம் கையாலேயே யந்திரத்தில் எழுதலாம் என்பது சிறிய நன்மையன்று.

ஆகவே பெற்றோருக்கு நாம் கூற விரும்புவது வரிசை முறை ஒன்றே. முதலில் அரிசியும் மணலும். பிறகு சிலேட்டும் பலப்பமும். அதன்பின் கோடிட்ட காகிதம். கையெழுத்து உறுதிப்பட்ட பின்னரே கண்ணாடி. அப்போதும் காகிதம்போல் சொரசொரப்பான மெல்லிய உறையைப் பலகையின்மீது ஒட்டிக் கொடுப்பது நலம். முனை சற்று விரைவில் தேயும். சுழி நிலைத்து நிற்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகள் இன்றும் காகிதத்திலேயே நடைபெறுகின்றன என்பதையும் மறக்கலாகாது. கண்ணாடியில் மட்டும் பழகிய கை, மூன்று மணி நேரம் காகிதத்தில் எழுத நேரும்போது சோர்ந்து போகும்.

கண்ணாடியும் மணலைக் காய்ச்சிச் செய்ததுதான். ஆனால் விரலைத் தடுத்துக் கற்பிக்கும் மணலின் குணம் அதில் இல்லை. அக்குணத்தைக் குழந்தையின் கை முன்னதாகவே பெற்றிருக்குமாறு பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. வரும் விஜயதசமிக்கு அரிசித் தட்டையே முதலில் எடுங்கள்.