கமக்காரர் கையும் குடற்கிருமியும்

பரந்தன் பகுதியிலே கமக்காரரின் கைக்கு ஓய்வில்லை. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலிற் களை பிடுங்குவதும், வரம்பு கட்டுவதும், தோட்டத்திலே கத்தரிக்கும் மிளகாய்க்கும் எரு இடுவதும், கீரையைப் பிடுங்கிப் பிடியாகக் கட்டுவதும் கையினாலேயே நடைபெறுகின்றன. அதே கைதான் சோற்றைப் பிசைகின்றது, குழந்தைக்கும் ஊட்டுகின்றது. ஆகவே, விதை நெல்லின் சுத்தத்தைக் கவனிக்கும் கமக்காரர் தமது கையின் சுத்தத்தையும் கவனித்தல் அவசியமாகும்.

வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், செங்கமாரியில் ஒருவகை ஆகிய நோய்களின் கிருமிகள் மலத்துடன் வெளியேறி, வாய்வழியாக மற்றொருவரின் குடலை அடைகின்றன. நீர், ஈ, உணவு ஆகியன அவற்றைச் சுமப்பினும், மிகக் குறுகிய பாதை விரலேயாம். வயிற்றுளைவுக் கிருமியை 1897ஆம் ஆண்டில் யப்பானிய வைத்தியர் கியோசி சிகா கண்டறிந்தார். இக்கிருமிகளுள் 10 முதல் 100 வரை உட்சென்றாலே நோய் உண்டாகக்கூடும். நகக்கண்ணில் ஒட்டிய சிறு அழுக்கே இதற்குப் போதுமானது.

நோயற்றவராகத் தோன்றுபவர் கையிலும் கிருமி இருக்கலாம். 1906ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டிலே, 11 பேருள் 6 பேருக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. அங்கு சமையல் செய்த மேரி மலன் என்னும் பெண் திடகாத்திரமாகவே இருந்தார். ஆயினும் 1907இல் அவருடைய மலத்தைச் சோதித்தபோது அந்நோய்க் கிருமிகள் காணப்பட்டன. அடுப்பில் வெந்த உணவிற் கிருமி மடிந்துவிடும். வேகாத உணவை அவர் கை தொட்டதே ஆபத்தாயிற்று.

வன்னி மக்களும் இத்தகைய நோயை அறிவர். 2009ஆம் ஆண்டிலே, இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த வவுனியா முகாம்களிற் செங்கமாரி பரவியது. சனநெருக்கமும், நீரும் மலசலகூடமும் போதாமையும் இந்நோய் பரவுவதற்கு வாய்ப்பளிப்பவையாகும்.

மரக்கறி செய்வோருக்கு இங்கே தனிப் பொறுப்பு உண்டு. வல்லாரை, வெள்ளரி, தக்காளி முதலியவற்றை மக்கள் பச்சையாகவே உண்கின்றனர். தோட்டத்திற் கையிலிருந்து ஒட்டிய கிருமியைக் கொல்ல அங்கே அடுப்பு இல்லை. பச்சைச் சாணத்திலும் குடற்கிருமிகள் உள. ஆதலின் நன்றாக உக்கிய எருவையே இடுதல் வேண்டும். எருவைக் கையாண்ட பின் கை கழுவாமற் காய் பறித்தல் கூடாது. பறித்த கீரையை வாய்க்கால் நீரில் அலசாது, சுத்தமான கிணற்று நீரிற் கழுவுதல் நன்று. வயிற்றோட்டம் கண்டவர், அது நின்று இரண்டு நாட்கள் கழியும் வரையில் அறுவடையிலும் சமையலிலும் ஈடுபடாதிருத்தல் வேண்டும்.

கையை வெறும் நீரில் நனைப்பது போதாது. தோலிலுள்ள எண்ணெய்ப் பசையிற் கிருமிகள் ஒட்டியிருக்கும். சவர்க்காரம் அப்பசையைக் கரைத்து, கிருமிகளை நீரோடு போக்கிவிடும். சவர்க்காரம் செய்வதற்கு வேண்டிய எரிசோடாவும், நீரைச் சுத்திகரிக்கும் குளோரீனும் ஒருகாலத்திற் பரந்தனிலேயே உற்பத்தியாயின. அந்த இரசாயனத் தொழிற்சாலை போர் காரணமாக 1985ஆம் ஆண்டளவில் நின்றுபோயிற்று. ஆயினும் சவர்க்காரம் இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றது.

பலரும் ஒரே சட்டியிற் கையை நனைத்தால் ஒருவருடைய கிருமி மற்றவருக்குச் சேரும். ஒருவர் நீர் வார்க்க மற்றவர் கழுவலாம். குழாய் நீரிலும் கழுவலாம். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் ஆகியவற்றைச் சவர்க்காரமிட்டு 20 விநாடிகளேனும் தேய்த்தல் வேண்டும். மலசலகூடம் சென்ற பின்னும், குழந்தையின் மலத்தை அகற்றிய பின்னும், சாணமும் எருவும் கையாண்ட பின்னும், சமைப்பதற்கும் உண்பதற்கும் ஊட்டுவதற்கும் முன்னரும் இவ்வாறு செய்தல் தவறலாகாது. நகங்களைக் குறுக வெட்டுதல் வேலையை இலகுவாக்கும்.

மலசலகூடத்தின் அருகில் ஒரு குடம் நீரும் ஒரு துண்டுச் சவர்க்காரமும் எப்பொழுதும் இருக்கட்டும். வயலுக்குக் கொண்டுசெல்லும் சோற்றுப் பொதியுடன் மற்றொரு துண்டும் செல்லட்டும். அறுவடைக் காலத்திற் கமக்காரர் நோயிற் படுத்தால் விளைந்த நெல் அவருக்காகக் காத்திராது. வயிற்றோட்டத்தால் உடலின் நீர் வற்றும் குழந்தையின் உயிரோ அதனினும் விரைவில் ஆபத்துக்குள்ளாகும். இவ்விரண்டையும் காக்கச் சிறிது நீரும் சவர்க்காரமும் பெருந்துணையாகும்.