சிறை வாசலுக்கு வெளியே முதல் இரண்டு வாரம்

"எட்டு மாசம் உள்ளே இருந்தான். ஒரு சொட்டுத் தொடல. இனிமே இவன் குடிக்க மாட்டான்." சிறையில் மனு போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும் அம்மாவோ மனைவியோ பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முகத்தில் அவ்வளவு நிம்மதி இருக்கும். அந்த நிம்மதியைப் பறிக்க எனக்கு மனசில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குடிக்கோ போதை மாத்திரைக்கோ ஊசிக்கோ அடிமையாக இருந்தவருக்கு, உள்ளே இருந்த எட்டு மாதத்தைவிட வெளியே வந்த முதல் இரண்டு வாரம்தான் உயிருக்கு ஆபத்தான காலம்.

காரணம் உடம்பில் இருக்கிறது. தினமும் இரண்டு குவார்ட்டர் குடிப்பவரின் மூளையும் ஈரலும் அந்த அளவுக்குப் பழகிப்போயிருக்கும். புதிதாகக் குடிப்பவரைச் சாய்த்துவிடும் அளவு அவரை அசைக்காது. சில வாரங்கள் குடிக்காமல் இருந்தாலே இந்தத் தாங்குசக்தி இறங்கிவிடும். ஆசை மட்டும் அப்படி இறங்குவதில்லை. பழைய தெரு, பழைய சிநேகிதன், கூலி கைக்கு வரும் சனிக்கிழமை சாயங்காலம் என்று எதையெல்லாம் மூளை குடியோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறதோ, அதெல்லாம் மதிலுக்கு வெளியேதான் இருக்கிறது. வந்ததும் ஆசை பழைய அளவைக் கேட்கும். அதைத் தாங்க அந்தப் பழைய உடம்பு இப்போது இல்லை.

ஜாமீனில் வந்தவர் கட்டைப்பையோடு வீட்டுக்குள் நுழைகிறார். பையில் மாற்றுத்துணியும் கோர்ட்டுக் காகிதமும். செத்துக் கிடந்த செல்போனைச் சார்ஜில் போட்டுப் பத்து நிமிஷம் ஆகவில்லை, மணி அடிக்கிறது. "மச்சான், எப்ப வந்தே? சொல்லவே இல்ல. வா, சும்மா ஒரு கட்டிங் போட்டுட்டு வந்துரலாம்." கூப்பிடுகிறவனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. நண்பன் வந்துவிட்டானே என்ற சந்தோஷம்தான். கட்டிங் குவார்ட்டராகி, குவார்ட்டர் இரண்டாகும்போது இரவு பத்து மணி. வாந்தி மூச்சுக்குழாயில் அடைத்தோ, பைக்கிலிருந்து விழுந்தோ ஓர் உயிர் போக அது போதும். வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிப் பழகியவருக்கும் ஹெராயின் எடுத்தவருக்கும் இன்னும் மோசம். பழைய அளவு உள்ளே போனால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். வீட்டார் தூங்குகிறார் என்றே நினைத்திருப்பார்கள்.

இது வெறும் பயம் அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1999 முதல் 2003 வரை சிறையிலிருந்து விடுதலையான 30,237 பேரின் பதிவுகளை மருத்துவர் இங்க்ரிட் பின்ஸ்வாங்கரின் குழு ஆராய்ந்து 2007இல் வெளியிட்டது. முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, வெளியே வாழும் மற்றவர்களைவிட 12.7 மடங்கு. போதைப்பொருள் அளவு மீறிச் சாகும் வாய்ப்பை மட்டும் பார்த்தால் 129 மடங்கு. அந்த எண்ணை முதலில் படித்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்து மறுபடி பார்த்தேன். பிழை இல்லை.

தெரிந்த ஆபத்து என்பதால் தடுக்கவும் வழி உண்டு. அதே நாட்டின் மிகச்சிறிய மாநிலமான ரோட் ஐலண்டு செய்துகாட்டியது. 2016இல் அந்த மாநிலம் தன் சிறைகளில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் ஹெராயின் வகைப் பழக்கம் உண்டா என்று விசாரிப்பார்கள். இருந்தால் மெத்தடோன், புப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் ஆகிய மூன்றில் அவருக்குப் பொருந்துவதைத் தருவார்கள். ஏற்கெனவே வெளியே சிகிச்சையில் இருந்தவருக்கு அதை நிறுத்த மாட்டார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அடுத்த விஷயம். சிறைக்குள் மருந்து கொடுக்கும் அதே தொண்டு நிறுவனம் வெளியே ஊர் ஊராக மருந்தகங்கள் வைத்திருக்கிறது. விடுதலையானவர் அங்கே போய்த் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. அவருடைய சீட்டு அங்கே இருக்கும்.

பலன் ஒரே வருஷத்தில் தெரிந்தது. 2016இன் முதல் ஆறு மாதத்தில் அந்த மாநிலத்தில் போதை அளவு மீறி இறந்தவர்களில் 26 பேர் அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்கள். 2017இன் அதே ஆறு மாதத்தில் அது 9. ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, சிறை மீண்டவர்களிடையே இந்தச் சாவு 61 சதவீதம் குறைந்திருந்தது.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மருத்துவர் அளந்து கொடுக்கும் புப்ரெனார்ஃபின் ஏற்ற இறக்கம் இல்லாமல் நாள் முழுக்க உடம்பை ஒரே நிலையில் வைக்கிறது. நடுக்கமோ, ஏங்கலோ, பத்து மணிக்குள் எங்கேயாவது பணம் புரட்டியாக வேண்டும் என்ற தவிப்போ இருக்காது. சர்க்கரைக்காரர் இன்சுலின் போடுவதை யாரும் பழக்கம் என்று சொல்வதில்லை. மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. நம் நாட்டிலும் டெல்லி திகார் சிறையில் 2008இலேயே புப்ரெனார்ஃபின் சிகிச்சை தொடங்கியது.

நம்முடைய சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்போரில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். தண்டனைக் கைதிக்கு விடுதலைத் தேதி தெரியும். முன்கூட்டியே ஏதாவது ஏற்பாடு செய்யலாம். விசாரணைக் கைதிக்கு ஜாமீன் உத்தரவு என்றைக்கு வரும் என்று வக்கீலுக்கே தெரியாது. வந்த அன்றைக்கே வெளியே. அடுத்த வாரத்துக்கு மருத்துவர் எழுதி வைத்திருந்த மாத்திரை உள்ளேயே கிடக்கும். ஆகவே விடுதலைக்கான ஏற்பாட்டை உள்ளே போன முதல் வாரமே தொடங்கிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதை சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோயாகவே கொள்கிறது; மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநலச் சிகிச்சை இடம் வேண்டும் என்கிறது. சட்டத்தில் இடம் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நீங்கள்தான்.

முதல் மனுவிலேயே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: அவர் தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாகக் குடித்தது எப்போது. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பல வருஷம் குடித்தவர் கைதாகி ஒரேயடியாகக் குடி நின்றால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் யார், இடம் எது என்று தெரியாத உளறலும் வரலாம். அதைத் திமிர் என்றோ நடிப்பு என்றோ எடுத்துக்கொண்டால் உயிர் போய்விடும். சிறை மருத்துவருக்குத் தெரிந்தால் தூக்க மருந்து வகையும் பி1 வைட்டமினும் கொடுத்துக் காப்பாற்ற முடியும்.

வீட்டுக்கு வரும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வாசலுக்குப் போய் நிற்க ஒருவர் வேண்டும். முடிந்தால் அவர் குடிக்காதவராக இருக்கட்டும். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியில் டாஸ்மாக் கடை இருந்தால் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கிச் சுற்றிக்கொண்டு வாருங்கள். பழைய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டுப் புது எண் வாங்கிக் கொடுக்கலாம். கையில் மொத்தமாகப் பணம் கொடுக்க வேண்டாம். அதை அவரோடு பேசி, அவர் சம்மதத்தோடு செய்யுங்கள். வீட்டில் விருந்து வைக்கலாம், ஊரைக் கூட்ட வேண்டாம். மறுநாளோ அதற்கு மறுநாளோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். உள்ளே மருந்து எடுத்திருந்தால் அந்தச் சீட்டின் நகல் கையில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை என்று சொல்லி, அவருக்குத் தெரியாமல் குழம்பிலோ காபியிலோ கலந்து கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதில் பெரும்பாலும் இருப்பது டைசல்ஃபிராம். அதை எடுத்திருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து இறந்தும் போகலாம். அன்பினால்தான் கலக்கிறார்கள், தெரியும். இருந்தும் வேண்டாம். அதே மருந்தை மருத்துவர் விளக்கிச் சொல்லி, அவரே சம்மதித்து எடுத்துக்கொண்டால் பலன் தரும். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் உண்டு.

மறுபடி குடித்துவிட்டால்? பலர் குடிப்பார்கள். ஒரு தடவை தவறிவிட்டதாலேயே எல்லாம் முடிந்துபோகவில்லை. அன்றைக்குச் சண்டை வேண்டாம். ஆள் சுயநினைவில்லாமல் குறட்டை மாதிரி விட்டு விட்டு மூச்சு விட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108ஐக் கூப்பிடுங்கள். "மாத்திரை போட்டிருக்கார்னு நினைக்கிறேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். ஹெராயின் வகை என்றால் நலோக்ஸோன் என்ற மருந்து சில நிமிஷத்தில் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். ஸ்காட்லாந்தில் 2011 முதல் சிறையிலிருந்து கிளம்புகிறவர் கையிலேயே அதைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இங்கே அதற்கு மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். அதனால்தான் உண்மையைச் சொல்வது அவ்வளவு முக்கியம்.

வழக்கைப் பற்றிய பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்காக ஒரு தகவல். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவோடு பிடிபட்டவரோ பயன்படுத்தியதற்காக வழக்கில் சிக்கியவரோ போதைக்கு அடிமையானவராக இருந்து, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100ஐ அழைக்கலாம். போதை மீட்புக்கு 14446, மனசு தாங்காத இரவுக்கு 14416.

வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டில் புழல் போன்ற இடங்களில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் கைதிகளே பெட்ரோல் போடுகிறார்கள். பணம் வாங்கிச் சில்லறை கொடுக்கிறார்கள். உள்ளே இருக்கும்போது நம்பிக் கொடுக்கிற கல்லாப்பெட்டியை, வெளியே வந்த பிறகு தெருமுனைக் கடைக்காரர் நம்பிக் கொடுப்பதில்லை. மாலை ஆறு மணிக்குப் போக ஓர் இடமும் செய்ய ஒரு வேலையும் இல்லாதவருக்கு எந்த மாத்திரையும் முழுசாக உதவாது. உங்களிடம் பட்டறையோ கடையோ இருந்தால், ஒரு மாதம் அரைநாள் வேலையாவது கொடுத்துப் பாருங்கள்.

இன்னொரு துணையும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 2006இல் தொடங்கிய ஒரு மருத்துவமனைத் திட்டத்தில், சிறை மீண்டவரைக் கையைப் பிடித்து மருத்துவரிடம் கூட்டிப்போக வைக்கப்பட்டவர்கள் தாங்களும் சிறையில் இருந்து வந்தவர்கள். அந்தத் திட்டம் பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. நம் ஊரில் இதற்கு மிக அருகில் இருப்பது, குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள், வழக்கு என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். குடும்பத்தாருக்குத் தனியாக அல்-அனான் இருக்கிறது. முதல் வாரத்திலேயே ஒருநாள் அவரை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, கூட்டம் முடியும் வரை வெளியே காத்திருங்கள்.

அடுத்த மனுவுக்குப் போகும்போது கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் மூன்று கேள்வி கேட்டு வாருங்கள். என்ன மாத்திரை கொடுக்கிறார்கள்? வெளியே வந்தால் முதலில் யார் கூப்பிடுவார் என்று பயப்படுகிறாய்? அந்த முதல் ராத்திரி யார் வீட்டில் தூங்கினால் உனக்கு நல்லது? பதில் உங்கள் வீடு என்று இல்லாமல் போகலாம். சித்தப்பா வீடு என்று சொன்னால், பாயையும் தலையணையையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டு வையுங்கள்.