ஓர் உதாரணம் போதும்

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் உங்கள் மகளின் ஆங்கிலக் கட்டுரைக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். டெங்கு ஆபத்தானது, ஆகவே கவனம் தேவை, கவனமில்லாவிட்டால் ஆபத்து என்று ஒரே கருத்தையே சுற்றிச் சுற்றி எழுதியிருப்பாள். பந்தி நீண்டிருக்கும், விடயம் வளர்ந்திராது.

இலக்கணமெல்லாம் அவளுக்குத் தெரியும். குறைவது உதாரணந்தான். முதல் வசனத்தை, "டெங்கு நுளம்பு நம் வீட்டுக்குள்ளேயே பெருகுகிறது" என்று மாற்றச் சொல்லுங்கள். பிறகு, "எங்கே?" என்று கேளுங்கள். பூச்சாடி, சிரட்டை, பழைய டயர் என அடுக்குவாள். அது வெறும் பட்டியல். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும்: பிரிட்ஜின் பின்புறத் தட்டு. அதில் தண்ணீர் எப்படித் தேங்குகிறது, ஏன் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை, ஒரு வாரம் பத்து நாளில் முட்டை எப்படி நுளம்பாகிறது என்று நான்கு வசனம் எழுதினால் பந்தி தானாக நிறையும். "போர் எக்ஸாம்பிள்" என்று ஒருமுறை போட்டாலே போதும். வசனத்துக்கு வசனம் போட்டால் வாசிப்பவருக்கு அலுப்பு.

காய்ச்சலின் அறிகுறிகளுக்குப் போய்விட்டாளா? அது வேறு பந்தி.

ஆங்கிலம் தெரியாத உம்மாவும் இதில் உதவலாம். தட்டைக் கழுவும்போது பக்கத்தில் நிறுத்தி, முதலில் தமிழில் சொல்ல வையுங்கள். பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும்.