எழுபத்து நான்கு வெற்றிகள்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, விருதுநகர் மாவட்டத்து அச்சங்குளத்திற்கு நாம் செல்ல நேர்ந்தது. நம் கல்லூரியிற் பயிலும் மாணவர் ஒருவரின் ஊர் அது. பட்டாசுத் தொழிலகங்களிலிருந்து வேலை முடிந்து மக்கள் திரும்பும் வேளை. தேநீர்க் கடையில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் வினாவிடை நிகழ்ச்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. நெறியாளர் வினாவைச் சொல்லி முடிக்குமுன்பே நம் மாணவர் விடையைச் சொல்லிவிடுவார். நாம் எண்ணிய பதினொரு வினாக்களில் ஒன்பதுக்கு அவர் கூறியது சரியாயிருந்தது. கடைக்காரர் மகிழ்ந்து, "தம்பி, நீ அங்கே போய் உட்கார வேண்டியதுதானே?" என்றார். "அங்கே உட்கார்ந்தால் எனக்கு வராது அண்ணாச்சி" என்று மாணவர் தலைகுனிந்து கொண்டார்.

திரும்பி வருங்கால் காரணத்தை வினவினோம். கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் போட்டியில் மூன்றாண்டுகளாக ஒரே குழுவினரே வென்று வருகின்றனராம். "அவர்கள் பிறவியிலேயே அப்படி, ஐயா. இவ்வாண்டு நான் பெயர் கொடுப்பதாக இல்லை" என்றார். அவருக்கு அன்று வழிநெடுகச் சொல்லிய மறுமொழியையே ஈண்டுச் சிறிது விரித்து எழுதுகின்றோம். மறுமொழிக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் நெடுந்தொலைவில் நிகழ்ந்தது. அமெரிக்க நாட்டில் 2004ஆம் ஆண்டில் கென் ஜென்னிங்ஸ் என்பார் ஒரே நிகழ்ச்சியில் இடையறாது 74 ஆட்டங்களை வென்ற வரலாறு அது.

நிகழ்ச்சியின் பெயர் ஜெபர்டி. மெர்வ் கிரிஃபின் என்பவரால் வகுக்கப்பட்டு 1964இல் தொடங்கியது. இடையில் நின்று 1984இல் புத்துயிர் பெற்றது. அது முதல் 2020இல் தாம் இறக்கும் வரை அலெக்ஸ் டிரெபெக் அதனை நடத்தி வந்தார். ஓர் ஆட்டத்திற்கு மூவர். முதற் சுற்றில் 30 குறிப்புகள், இரண்டாஞ் சுற்றில் 30, இறுதியில் ஒன்று. குறிப்பு விடையின் வடிவில் வரும். ஆடுவோர் வினாவின் வடிவில் மறுமொழி கூறல் வேண்டும். மூவரில் எவர் முதலிற் பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்கே பேசும் உரிமை. வென்றவர் மறு ஆட்டத்திற்கும் வருவார். ஏனை இருவரும் புதியோர்.

இவ்விறுதி விதியை வாசகர் ஊன்றி நோக்க வேண்டுகிறோம். தொடர் வெற்றி என்பது முதலில் விதியினால் பிறப்பது. வீரன் பின்னரே வருகிறான். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு முதல் பரவிய கோடீசுவர நிகழ்ச்சிகளை எண்ணிப் பாருங்கள். கலர்ஸ் தமிழ்த் தொலைக்காட்சியின் 'கோடீஸ்வரி' நிகழ்ச்சியில், செவிப்புலனும் பேச்சும் குறைந்த மதுரைப் பெண்மணி கௌசல்யா கார்த்திகா 2020 ஜனவரியில் ஒரு கோடி ரூபாய் வென்றமை பலருக்கும் நினைவிருக்கும். அஃது அரும்பெருஞ் செயலே. ஆயினும் அங்கே ஒருவர் வென்றவுடன் வீடு செல்கிறார். மறுநாள் வருபவர் வேறொருவர். அவரினும் ஆற்றல் மிக்கார் ஒருவர் தோன்றினாலும் அந்நிகழ்ச்சியில் அவருக்குத் 'தொடர்' என்று ஒன்று அமைவதற்கே இடமில்லை.

ஜெபர்டியிலுங்கூட நெடுங்காலம் அவ்விடம் குறுகியதாகவே இருந்தது. 2003 செப்டம்பர் வரை, ஐந்து ஆட்டங்களை வென்றவரைப் பாராட்டி அனுப்பிவிடுவது வழக்கம். 2000ஆம் ஆண்டில் பிராட் ரட்டர் என்பார் அவ்வாறே ஐந்து வென்று, ஒருவரிடமும் தோலாமல் வெளியேறினார். வரம்பு நீக்கப்பட்டுச் சில மாதங்களிலேயே ஜென்னிங்ஸ் வந்தார். பின்னர் 2005இலும் 2014இலும் நடந்த சிறப்புப் போட்டிகளில் இவ்விருவரும் எதிர்ப்பட்ட பொழுது வென்றவர் ரட்டரே. 2020இல் நடந்த போட்டியில் ஜென்னிங்ஸ் வென்றார். ஆனால் தொடர் வெற்றியின் பட்டியலைப் பார்ப்போர் ஒருவருக்கு 74 என்றும் மற்றவருக்கு 5 என்றுமே காண்பர். எண்ணைப் பார்த்து ஆளை அளப்பதில் உள்ள இடர்ப்பாடு இதுவே.

இனி ஜென்னிங்ஸின் கதைக்கு வருவோம். அவர் யூட்டா மாகாணத்துச் சால்ட் லேக் நகரில் மென்பொருள் எழுதிப் பிழைத்தவர். இளமையைத் தென்கொரியாவின் சியோல் நகரிற் கழித்த அவர், அங்கிருந்த அமெரிக்கப் படையினர்க்கான தொலைக்காட்சியில் இந்நிகழ்ச்சியை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவர். அழைப்பு வந்த பின்னர் அவர் செய்த ஆயத்தங்களுள் ஒன்று நமக்கு நகைப்பையும் வியப்பையும் ஒருங்கே தருவது. மதுவகைகளைப் பற்றிய குறிப்புகள் இந்நிகழ்ச்சியில் அடிக்கடி வரும். அவரோ தம் சமய ஒழுக்கத்தின்படி மது அருந்தாதவர். ஆகவே எக்கலவையில் எச்சரக்குச் சேரும் என்பதைச் சிறு அட்டைகளில் எழுதி மனனஞ் செய்தார். மதுவிலக்கைப் போற்றும் நம் நண்பர்கள் இதனைப் பிழையாகக் கொள்ளார் என நம்புகிறோம். தமக்குத் தெரியாதது இன்னதென்று அவர் முன்னரே அறிந்திருந்தார் என்பதே இதிற் கவனிக்கத்தக்கது.

2004 ஜூன் 2ஆம் நாள் அவரது முதல் ஆட்டம் ஒளிபரப்பாயிற்று. அன்றே அவர் தோற்றிருக்கக் கூடும். ஒரே ஒலிம்பிக்கில் ஐந்து வெவ்வேறு தடகளப் பிரிவுகளிற் பதக்கம் பெற்ற முதற் பெண்மணி யார் என்பது இறுதிக் குறிப்பின் கருத்து. ஜென்னிங்ஸ் 'ஜோன்ஸ்' என்று மட்டும் எழுதினார். மேரியன் ஜோன்ஸ் என்று முழுப்பெயர் எழுதவில்லை. ஜோன்ஸ் என்பதோ அந்நாட்டில் தெருவுக்குத் தெரு வழங்கும் பெயர். நடுவர்கள் அதனை ஏற்றுக்கொண்டனர், அவர் வென்றார். ஏற்காதிருந்தால் அவர் மூன்றாமிடத்தில் வீடு திரும்பியிருப்பார். எழுபத்து நான்கும் இல்லை, இக்கட்டுரையும் இல்லை. ஊக்கமருந்துக் குற்றத்தால் அந்த ஜோன்ஸ் அம்மையாரின் பதக்கங்கள் 2007இற் பறிக்கப்பட்டன என்பதையும், ஆகவே அவ்விடை இன்று விடையே ஆகாது என்பதையும் இடையே குறிக்கிறோம்.

முதல் நாள் இங்ஙனம் நூலிழையில் தொங்கியது உண்மையே. எனினும் நல்லூழ் ஒருவனை எழுபத்து நான்கு முறை தூக்கிவிடாது. கணக்குப் பார்ப்போம். ஓர் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு உடைய ஒருவர், 74 ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு எவ்வளவு? ஏறக்குறைய 2,400இல் ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாயின் 44இல் ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதாயின்தான் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஏறுகிறது. ஆகவே, வெல்லுவார் என்ற அளவிலுள்ளவர்க்கு இது கிட்டாது; தோற்பதற்கு வழியே பெரும்பாலும் அடைபட்டவர்க்கே கிட்டும்.

அவ்வழியை அவர் எவ்வாறு அடைத்தார்? இறுதிக் குறிப்பிற்கு ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள தொகையில் விரும்பிய அளவு பந்தயம் வைக்கலாம். ஒருவர் தொகை அடுத்தவர் தொகையின் இருமடங்கைக் கடந்திருந்தால், இறுதிக் குறிப்பு எதுவாயினும் அவர் தோற்கமாட்டார். தாம் ஆடிய 75 ஆட்டங்களில் 65இல் ஜென்னிங்ஸ் அந்நிலையோடுதான் இறுதிச் சுற்றுக்குள் புகுந்தார். எஞ்சிய பத்தில் மட்டுமே அவர் வெற்றி கடைசி விடையைப் பொறுத்திருந்தது.

அத்துணைத் தொகையை முன்னரே சேர்த்ததற்கு அறிவின் பரப்பு ஒரு காரணம். மற்றொன்று கை. வந்த மூவரும் பெருங்கூட்டத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டோர். பல குறிப்புகளுக்கு மூவருக்குமே விடை தெரிந்திருக்கும். அப்பொழுது வெல்வது பொத்தான். நெறியாளர் குறிப்பைப் படித்து முடித்ததும், திரைக்குப் பின் அமர்ந்த ஒருவர் பொத்தான்களைத் திறந்துவிடுவார். அதற்கடையாளமாகப் பலகையின் ஓரத்தில் விளக்குகள் எரியும். அதற்கு முன் அழுத்தியவரின் பொத்தான் கால் விநாடி பூட்டிக்கொள்ளும். கால் விநாடியில் அடுத்தவர் விடையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். பின்னர் அழுத்தினாலும் பயனில்லை. பட்டாசுத் திரியின் நீளத்தைக் கண்ணாலேயே அளந்து கையை விலக்கும் ஊராருக்கு இந்நுட்பத்தை நாம் விளக்க வேண்டுவதில்லை. ஜென்னிங்ஸ் குழந்தையின் விளையாட்டுப் பொருளொன்றைக் கையிற் பிடித்து, தொலைக்காட்சியின் முன் நின்றவாறே அழுத்திப் பழகியவர்.

பழக்கம் ஆட்டத்திற்கு ஆட்டம் மிகுந்தது. ஒரே நாளில் ஐந்து ஆட்டங்களைப் படம்பிடிப்பது அங்கு வழக்கம். நெறியாளரின் குரலேற்ற இறக்கமும் பொத்தானின் இயல்பும் அவருக்குப் படிந்துபோயின. எதிர் நின்றோர்க்கோ அது முதல் ஆட்டம். போதாக்குறைக்கு, தம் முறை வரும்வரை பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து அவர் பிறரை வீழ்த்துவதைக் கண்டுகொண்டிருக்க வேண்டும்! கால்கள் அங்கேயே தளர்ந்துவிடும் அன்றோ? பின்னர்ப் புதியோர் பொத்தானிற் பழகக் கூடுதல் நேரம் அளிக்கப்பட்டது. வென்றவரே மேலும் வெல்வதற்குரிய வழி அவ்வாட்டத்தினுள்ளேயே இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

விரைவும் அறிவும் ஒன்றென்று நாம் கூறவில்லை. நாகர்கோயிலை அடுத்த இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்திற் சதாவதானம் செய்து காட்டினார். நூறு செயல்களை ஒருங்கே கருத்திற் கொண்டு ஒவ்வொன்றையும் முடித்துத் தருவது அக்கலை. அங்கே அவருக்கு அருகில் நின்று கட்டையை முந்தி அழுத்துவார் ஒருவரும் இலர். அவரை ஜெபர்டி மேடையில் நிறுத்தியிருந்தால் முதல் நாள் அவர் தடுமாறியிருக்கவும் கூடும். அதனால் அவர் புலமை குன்றிவிடுமோ? 2011 பிப்ரவரியில் ஐ.பி.எம். நிறுவனத்தார் செய்த வாட்சன் என்னும் பொறி ஜென்னிங்ஸையும் ரட்டரையும் ஒருசேர வென்ற பொழுது, அப்பொறியின் அறிவோடு அதன் தளராத விரலையும் சேர்த்தே பலர் பேசினர்.

தோல்வி 2004 நவம்பர் 30ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. வென்றவர் வீடு, மனை விற்பனைத் தொழிலிலிருந்த நான்சி ஜெர்க் அம்மையார். எழுபதினாயிரம் பருவகால ஊழியர்களில் பெரும்பாலோர் ஆண்டில் நான்கே மாதம் வேலை செய்யும் நிறுவனம் எது என்பது இறுதிக் குறிப்பு. ஜென்னிங்ஸ் பொதி அனுப்பும் ஃபெடெக்ஸ் என்றார்; விடை, வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் எச் அண்டு ஆர் பிளாக். அவர் வீழ்ந்தது இவ்வொரு குறிப்பினால் என்றே யாவரும் கூறுவர். நாம் சற்று முன்னே சென்று பார்த்தோம். இறுதிச் சுற்றுக்குமுன் அவரிடம் 14,400 டாலர், அம்மையாரிடம் 10,000. அதே ஆட்டத்தின் இரண்டாஞ் சுற்றில், பந்தயம் வைக்கும் இரு குறிப்புகளில் அவர் தவறிழைத்து 10,200 டாலர் இழந்திருந்தார். அவற்றில் பந்தயமே வையாதிருந்தால் 24,600 இருந்திருக்கும். இருமடங்காகிய 20,000ஐ அது கடந்துவிடும். ஃபெடெக்ஸ் என்று எழுதியிருந்தாலும் எழுபத்தைந்தாம் வெற்றி அவருடையதே. கதவு முன்னரே திறந்துகிடந்தது.

அதுவரை அவர் வென்ற தொகை 25,20,700 டாலர். 2019இல் ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் 32 ஆட்டங்களையும், 2021இல் மேட் அமோடியோ 38ஐயும், 2022 ஜனவரியில் முடிந்த தொடரில் ஏமி ஷ்னைடர் 40ஐயும் வென்றனர். ஜென்னிங்ஸ் பிற்காலத்தில் அந்நிகழ்ச்சியின் நெறியாளராகவே அமர்ந்தார்.

இவையெல்லாம் கேட்ட அச்சங்குளத்து மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் அந்தக் குழுவினர் பொத்தானை எங்கே பழகுகிறார்கள், ஐயா?" என்று வினவினார். விசாரித்தோம். அவர்கள் கல்லூரியில் விளக்குகளோடு கூடிய பொத்தான் பலகை ஒன்று நெடுநாளாக இருக்கிறதாம். நம்மிடம் கைம்மணிதான் உண்டு. கல்லூரி திறந்த பின்னர்ப் பௌதிக ஆய்வுக்கூடத்தார் மூன்று அழைப்புமணிப் பொத்தான்களையும் மூன்று சிறு விளக்குகளையும் இணைத்து ஒரு பலகை செய்து கொடுத்தனர். முதல் வாரம் முழுதும் நம் மாணவர் விளக்கெரியுமுன் அழுத்தி அழுத்திப் பூட்டிக்கொண்டார். போட்டிக்குப் பெயர் கொடுப்போர் பட்டியல் சென்ற வெள்ளியன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அதில் அவர் பெயர் இரண்டாவதாக இருக்கிறது.