தலைப்பில் ஓர் எச்சரிக்கை

மின்னஞ்சலில் நாள்தோறும் வேண்டாத விளம்பரங்களும் வஞ்சக மடல்களும் வந்து குவிகின்றன. அஞ்சற் சேவையகமே இவற்றை அழித்துவிட்டால் என்ன என நீங்கள் வினவலாம். இடர் அங்கேதான் உள்ளது. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்பாம் அசாசின் என்னும் மென்பொருள், ஒவ்வொரு மடலையும் பல விதிகளாற் சோதித்துப் புள்ளியிடுகின்றது. வேறு எல்லை வகுக்காவிடின், கூட்டுத்தொகை 5ஐ எட்டிய மடல் ஐயத்துக்குரியதாகும். எனினும், புள்ளி ஊகமேயன்றித் தீர்ப்பன்று. ஒருவரது வேலைக்கான அழைப்பும் சிலவேளை அவ்வெல்லையைத் தாண்டக்கூடும். ஆதலால், மடலை அழிக்காது, தலைப்பின் முன்னே ‘ஐயம்’ என்றொரு சொல்லைச் சேர்க்குமாறு நிருவாகி பணித்தல் நன்று. தலைப்பை மாற்றினால் அனுப்பியவரின் இலக்கமுறை ஒப்பம் பிழைபடலாம். எனவே ஒப்பத்தைச் சோதித்த பின்னரே குறியிடல் வேண்டும். இயந்திரம் எச்சரிக்கட்டும், முடிவு மடலைப் பெற்றவருடையதாகட்டும்.