தோழமைக் கட்டு – 6: சாமுக்குப் பதவி எதற்கு?

சீட்டாட்டம் என்றால் எதிரே அமர்ந்திருப்பவரை வெல்வது என்றே பழகிவிட்டோம்; யாழ்ப்பாணத்தாரின் 304 கூட, இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து ஆடுவதாயினும், முடிவில் மற்றொரு ஜோடியைத் தோற்கடிப்பதையே லட்சியமாகக் கொண்டது. மேசையைச் சுற்றியுள்ள அனைவரும் ஒரே கட்சியாய் நின்று, சீட்டுகளே நடத்துகின்ற விரோதியோடு போராடும்படி, டோல்கினின் மோதிரக் காவியத்தை ஆதாரமாகக் கொண்டு, நேட் ஃபிரெஞ்ச் என்பவரின் சிருஷ்டியாய், அமெரிக்காவின் ஃபேண்டஸி ஃபிளைட் கேம்ஸ் நிறுவனம் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆட்டத்தின் பொது நியதிகளை முன் வாரங்களில் கண்டோம். இந்த வாரம், ஹாபிட்களை மட்டுமே நாயகராகக் கொண்டு ஒரு கட்டு அமைப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

கட்டில் 50 சீட்டுக்குக் குறையலாகாது. ஒரே பெயருள்ள சீட்டு மூன்றுக்கு மேல் இருக்கலாகாது. நாயகர் மூவர் வரை கொள்ளலாம். அந்நாயகர் ஒவ்வொருவருக்கும் ஓர் அபாய எண் உண்டு என்பதும், அவற்றின் கூட்டுத்தொகையில் தொடங்கிச் சுற்றுக்கு ஒன்றாக ஏறும் அபாயம் 50-ஐ எட்டினால் ஆடுபவர் ஆட்டத்தினின்று நீங்குவார் என்பதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மற்றொரு நாயகரான அரகோர்ன் ஒருவருக்கே 12 என்றிருக்க, 2012-இல் வெளிவந்த கறுப்புக் குதிரைவீரர் பெட்டியிலுள்ள சாமுக்கு 8, மெர்ரிக்கு 6, பிப்பினுக்கு 6, ஆக மூவருக்கும் சேர்த்து 20 தான். இதன் பலன் பெரிது. ஒவ்வொரு பகைவன் சீட்டிலும் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கிறது. நம் அபாயம் அந்த எண்ணை எட்டாதவரையில் அவன் நம்மைத் தேடி வருவதில்லை. சக்கரவர்த்திகளின் கண்ணுக்கு அற்பமாய்த் தோன்றிய சிறிய மனிதர் அவர்கள் கண்ணில் படாமலே நடந்து சென்ற அந்தக் கதையின் உயிர்நாடியை, விளக்கவுரை எதுவுமின்றி ஓர் எண்ணிலேயே அடக்கிவிட்ட சாமர்த்தியத்தை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

ஒளிந்து செல்வதோடு காரியம் முடிந்துவிடவில்லை. நம்மைத் தேடி வராத பகைவனை நாமாகவே அழைத்துப் போர் தொடுக்கவும் விதியில் இடமுண்டு. அவ்வாறு, தம் அபாயத்தைவிட உயர்ந்த எண்ணுடைய பகைவனை எதிர்கொள்ளும்போதுதான் சாம், பிப்பின் இருவருடைய குணமும் வெளிப்படுகிறது. களைத்திருந்த சாம் மீண்டும் எழுந்து நிற்கிறான், அவன் பலமும் அச்சுற்று முழுவதும் கூடுகிறது. பிப்பினுக்கு ஒரு புதிய சீட்டு கிடைக்கிறது. மெர்ரிக்கோ, எதிர்ப்படுவது எந்தப் பகைவனாயினும், நம் ஹாபிட் நாயகர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாகத் தாக்கும் வலிமை ஏறுகிறது. தனியே நிறுத்தினால் இந்த மெர்ரியால் அதிகம் ஆகாது.

குறையும் உண்டு. சாம் தலைமைக்கும், மெர்ரி போர்த்தந்திரத்துக்கும், பிப்பின் ஞானத்துக்கும் என வெவ்வேறு துறைகளுக்கு உரியவர்களாகையால், ஒவ்வொரு துறைக்கும் சுற்றுக்கு ஒரு காசுதான் வரும். விலையுயர்ந்த சீட்டை வாங்க வெகு காலம் காத்திருக்க வேண்டும். இங்கேதான் கொண்டோர் அரசுக்காவலர் என்ற பதவிச் சீட்டு ஆசை காட்டுகிறது. இரண்டு காசு விலையுள்ள அதைச் சாமின்மேல் வைத்துவிட்டால், பிறகு சுற்றுதோறும் அவனுக்கு இரண்டு காசு அதிகம். பலத்தை மட்டும் கருதுவோர் அதைச் சேர்க்காமல் விடவே மாட்டார்கள். நான் கணக்குப் போட்டு அதைக் கட்டில் செருகியிருந்தபோது, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் இரயிலில் கிள்ளானுக்கு ஆட வரும் இளைஞர், தெங்கு கிளானா சாலைக் கடையொன்றில் தேநீருக்குக் காத்திருந்த வேளையில், என் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சாமுக்கு எதுக்கு அண்ணே இந்தப் பதவி? அவரு தோட்டக்காரரு இல்லையா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்தக் கணக்கும் விடையாகாது என்பது என் அபிப்பிராயம். ஷயரின் தோட்டக்காரனைக் கொண்டோரின் ஆட்சிபீடத்தில் அமர்த்திப் பெறும் வெற்றியைவிட, வறுமையோடு போராடி அவன் அவனாகவே தோற்பது மேலானது. சீட்டை எடுத்துவிட்டு, ஹாபிட்களுக்கே உரிய சுருக்குமுடிச்சுக் கயிற்றையும், உயர்ந்த எண்ணுடைய பகைவனிடம் அதிகக் கூர்மை காட்டும் வெஸ்டர்னெஸ் குத்துவாளையும் மும்மூன்றாகச் சேர்த்தேன்.

எஞ்சிய குறை ஆன்மபலத் துறையில் ஒருவரும் இல்லாமை. வெளிப்பட்டவுடனே கேடு செய்யும் சீட்டுகளை ஒரே காசில் முறியடிக்கும் மனவுறுதிச் சோதனை அந்தத் துறையிலேயே இருக்கிறது. இதை ஹாபிட் கட்டுக்குள்ளேயே தீர்க்க முயல்வது வீண் பிரயத்தனம்; பக்கத்தில் அமர்பவர் அத்துறைக்குரிய ரோஹான் நாட்டாரைக் கொண்டு கட்டு அமைத்தால் போதும். அவருடைய நாயகி இயோவின், பயணத்துக்கு நான்கு மனவலிமை தருவதோடு, ஆடுவோர் எவராயினும் சுற்றுக்கு ஒருமுறை தம் கையிலிருந்து ஒரு சீட்டைக் கழித்து அவள் வலிமையை ஒன்று உயர்த்தலாம் என்ற அரிய சலுகையும் உடையவள். ஆகவே பிப்பின் சேர்த்துக் கொடுத்த சீட்டுகளில் இப்போதைக்கு உதவாதவை என் கையிலிருந்தே அவளுக்குச் சகாயமாகப் போகின்றன. அவளுடைய கூட்டத்தாரின் மனவுறுதி என் ஹாபிட்களைக் காக்கிறது. மெர்ரி ரோஹான் மன்னருக்கு ஊழியம் ஏற்றதையும், பெலென்னோர் களத்தில் இயோவினோடு சேர்ந்து மந்திரவாத மன்னனை வீழ்த்தியதையும் படித்தவர்களுக்கு, இவ்விரு கட்டுகளும் அருகருகே அமைவது எவ்வளவு பொருத்தம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆட்டத்தைத் தொடங்க விரும்பும் கிள்ளான், கோலாலம்பூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வலிமையான கட்டு எது என்று பிறரைக் கேட்டு அப்படியே பிரதி செய்யாதீர்கள். கதையில் உங்கள் மனத்தைக் கவர்ந்த கூட்டம் எதுவோ அதையே முதலில் கட்டுங்கள்; அதற்கு இல்லாததைத் தம் கட்டில் கொண்டுவரக்கூடிய ஒரு நண்பரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.